கப்பலில் காத்திருந்த தவில்

அன்பு மகனே,

சென்னப்பட்டணத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். படித்து முடித்த பிறகும் நீ என்னை நைனா என்று கூப்பிடுவாயா என்பது தெரியாமலே எழுதுகிறேன். காலையிலிருந்து நான்கு முறை உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். வாசலுக்குப் போகிறேன், பழவேற்காட்டு ஏரியைப் பார்க்கிறேன், ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் பார்க்கிறேன், திரும்பி வந்து எழுத்தாணியை எடுக்கிறேன். மூன்று ஓலை கையிலேயே கிழிந்து போயிற்று. கடைசியில் கோட்டையில் எழுத்து வேலை பார்க்கும் ஒருவரிடம் கெஞ்சி ஒல்லாந்துக் காகிதம் வாங்கி வந்தேன். இதில் அடித்து எழுதலாம். இன்று எனக்கு அது தேவைப்படுகிறது.

உன் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நின்றுவிடவில்லை, பயப்படாதே. ஏன் தள்ளிப் போயிற்று என்பதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது, நானே எழுத வேண்டும், ஒரு வார்த்தையும் குறையக்கூடாது என்று செங்கமலம் சொல்லிவிட்டாள். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளின் உத்தரவு இது. இதை உனக்கு அனுப்பும் முன் பசியாவரத்துக்குப் போய் அவளிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் அவள் உத்தரவுதான். ஆகவே நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஒரு இடமும் இல்லை.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் பெருமாள் கோயில் நாகசுரக்காரன். உன் மாமன் தாண்டவன், செங்கமலத்தின் அப்பன், எனக்குத் தவில். உன் அம்மாவோடு பிறந்தவன் என்பதற்காக மட்டும் அவன் எனக்கு வேண்டியவனாக இல்லை. என் மூச்சு எந்த இடத்தில் முடியப் போகிறது என்று எனக்குத் தெரியும் முன்பே அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். நான் தவறினால் அந்தத் தவறு வேண்டுமென்றே செய்ததுபோல ஊருக்குத் தோன்றும்படி அடிப்பான். அப்படிப்பட்ட ஒருவன் பக்கத்தில் இருந்தும் எனக்குப் போதவில்லை. நல்ல பைரவி வாசித்துவிட்டு இறங்கும்போதே, இது மட்டுமா, இதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்று உள்ளே ஏதோ பிறாண்டும். உனக்கும் அது இருக்கிறது. போன மாதம் நீ எழுதியிருந்தாயே, இங்கிலீசுக்காரர்களின் எக்காளத்தைக் கேட்டுவிட்டு அவர்கள் கோட்டை மதிலோரம் சாப்பாட்டை மறந்து நின்றதாக. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது, பின்னாலேயே அச்சமும் வந்தது.

என்னைப் பிடித்தது ஒரு மதியம். கடற்கரையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஒல்லாந்து மாலுமி பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு சிறு மரக்கருவியை மார்பில் சாய்த்து வில்லால் இழுத்துக்கொண்டிருந்தான். சுரப்படிகள் நம் சங்கராபரணத்தின் படிகள். ஆனால் ஒரு சுரத்துக்கும் அசைவு இல்லை, எல்லாம் ஆணி அடித்தது மாதிரி நின்றன. சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அவன் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்தான். வேறு வேறு இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நிமிர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தாண்டவன் மட்டும் காதைச் சொறிந்துகொண்டு, “இன்னா மச்சான் இது, சண்டை போட்ட ரெண்டு பேரு ஒரே வூட்ல குந்திக்கினு கீற மாதிரி கீது” என்றான்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்குள் போகத்தான் அலைந்தேன். அரைகுறைப் பறங்கிப் பேச்சில் மாலுமிகளோடு பழகினேன். ஒல்லாந்தர் கோட்டைக்குள் தங்கள் சாமிக்குப் பாடும் வேதப்பாட்டைச் சுவருக்கு வெளியே நின்று பாடம் செய்தேன். குதிரை கொண்டுவந்த பாரசீகக் கப்பலில் ஒருவன் நாணல் குழல் ஊதினான். அவனுடைய காந்தாரம் நம் இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே, நமக்குப் பெயரே இல்லாத ஓர் இடத்தில் நின்றது. அந்த இடத்தை நாகசுரத்தின் வாயில் செருகும் சீவாளியில் பிடிக்க உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. அர்மேனிய வியாபாரி ஒருவர் தன் மகனைப் புதைத்த நாளில் பாடியதைக்கூட, துக்கம் விசாரிக்கப் போனவன் போல நின்று கேட்டுக்கொண்டு வந்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார், நான் சுரம் எண்ணிக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் இங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தேர்த் திருநாள் ஒன்றில் எனக்குக் காய்ச்சல் என்று உனக்குச் சொல்லி வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. முதல் நாள் புறப்பாட்டில் சங்கராபரணத்தின் நடுவே ஒல்லாந்தர் வேதப்பாட்டில் ஓர் அடியை அசைவே இல்லாமல் அப்படியே வாசித்துவிட்டேன். கோட்டை வீரர்கள் இரண்டு பேர் கூட்டத்தில் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். கோயில் அதிகாரி என் எதிரில் வந்து, “பெருமாள் இன்னா கோட்டைக்குக் குடி போறாரா? நீ வேணா போ” என்றார். என்னை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். தாண்டவனை நிறுத்தவில்லை, வேறு நாகசுரத்துக்கு வாசிக்கச் சொன்னார்கள். அவன் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வெளியே வந்துவிட்டான். அந்த ஆறு மாதமும் அவன் கோயில் பக்கமே போகவில்லை. வீட்டில் கைக்குழந்தை. ஏனடா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, “அந்த இன்னொரு நாகசுரக்காரரு வாசிக்கிறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிபோவுது மச்சான். பேஜாரு” என்று சிரித்தான்.

அந்த ஆறு மாதத்தில்தான் கடலுக்கு அப்பால் சாவகத் தீவிலிருந்து வந்த பெண்ணைப் பார்த்தேன். கோட்டைச் சமையற்கட்டில் அடிமையாக இருந்தவள். வெண்கலத் தட்டுகளையும் கிண்ணங்களையும் தரையில் கவிழ்த்து வைத்துக் கரண்டிக் காம்பால் தட்டித் தன் ஊர்ப் பாட்டைக் காட்டினாள். ஐந்தே சுரம். மோகனம் என்று நினைத்துப் பின்னாலேயே போனால் மூன்றாவது அடியில் வழி தப்பிவிடும். அவள் ஊரில் ஒரு மண்டபம் முழுக்க வெண்கலமே இருக்குமாம், இருபது முப்பது பேர் சேர்ந்து வாசிப்பார்களாம், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வெற்றிலை போட்டு முடித்துவிடலாமாம். நான் அவளிடம் ஐம்பது பாட்டாவது கேட்டிருப்பேன். நீ எப்படி இங்கே வந்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் மாமன் இன்று உயிரோடு இருந்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. உள்நாட்டிலிருந்து ஜனங்கள் எலும்பும் தோலுமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதே சமயம் கோட்டை அதிகாரி ஒருவர் கடற்கரையில் எங்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டுத் துபாஷி மூலம் சொல்லி அனுப்பினார்: இரண்டு பேரும் கப்பலில் சாவகத்துப் பத்தாவியாவுக்குப் போய் அங்கே ஒரு பெரிய துரை வீட்டில் வாசிக்கலாம், அடுத்த பருவக்காற்றுக்குத் திரும்பிவிடலாம். எனக்கு வெண்கல மண்டபம் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. தாண்டவன் முடியாது என்றான். “கொயந்தைக்கு இப்பத்தான் பேச்சு வருது மச்சான். கடலு எனக்கு ஒத்துக்காது. நா வர்ல” என்றான். “நா கூட வர்றேன்டா. எனக்கு இல்லாத பயம் ஒனக்கு இன்னா?” என்றேன். மூன்று நாள் விடாமல் அரித்தேன். கடைசியில், நீ வராவிட்டால் வேறு தவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. மறுநாள் காலை தவிலுக்கு உறை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

இனி நான் எழுதப் போவதை இதுவரை யாரும் கேட்டதில்லை, நேற்று முன்தினம் வரைக்கும். சரக்குப் படகில் அலை தாண்டிக் கப்பலுக்குப் போனோம். நான் முதலில் கயிற்றேணியில் ஏறினேன். தாண்டவன் கீழே படகில் நின்று தவிலைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிக்கொண்டிருந்தான். தளத்தின் நடுவே, கீழறையை மூடிய ஒரு மரக் கிராதி இருந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. குனிந்து பார்த்தேன். கீழே இருட்டில் கண்கள், நெருக்கி நெருக்கி உட்கார வைத்த ஆட்கள். ஒரு பெண் நம் பாஷையில் கேட்டாள்: “ஐயா, எங்கள எந்த ஊருக்கு இட்டுக்கினு போறாங்க?” கரைக்கு வந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்பதும், சாவகத்துப் பெண் எப்படிக் கோட்டைக்கு வந்திருப்பாள் என்பதும் அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புரிந்தது. இந்தக் கப்பலில் போகிற கறுத்த ஆள் திரும்பி வருவான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது என்பதும் புரிந்தது.

தாண்டவன் மேலே வந்துவிட்டான். தவிலை அவிழ்த்து நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கிராதிப் பக்கம் போகவில்லை. நான் அவன் கையைப் பிடித்து, வா இறங்கிவிடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் விடமாட்டார்கள், ஒருவன் என்றால் ஏதாவது சொல்லி இறங்கலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. “சீவாளிப் பைய வூட்லயே வுட்டுட்டேன்டா. போயி எடுத்துக்கினு அடுத்த படகுல வந்துர்றேன்” என்றேன். பை என் இடுப்பில்தான் இருந்தது. அவன் ஒன்றும் சந்தேகப்படவில்லை. “சீக்கிரம் வந்துரு மச்சான். எனக்கு இவங்க பாஷ தெரியாது” என்றான்.

படகு பாதி தூரம் வந்திருக்கும். பின்னால் தவில் சத்தம் கேட்டது. பொழுது போகாமல் தட்டுகிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று இரண்டு சுற்று அடித்துவிட்டு நிறுத்துகிறான். கோயிலில் நான் தாமதமாக வந்தால் இப்படித்தான் கூப்பிடுவான். அந்த நிறுத்தத்தில் நான் வாசிப்பை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுபடி இரண்டு சுற்று அடிப்பான். படகுக்காரன் துடுப்பை நிறுத்தி, “ஒன்னத்தான் கூப்புட்றாரு போல கீதே” என்றான். “ஓட்டு” என்றேன். நாகசுரம் என் மடியில் இருந்தது. அலைச் சத்தம் மூடும் வரைக்கும் அவன் அடித்து நிறுத்தி, அடித்து நிறுத்திக்கொண்டே இருந்தான். மாலையில் கப்பல் பாய் விரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நான் சொன்னது உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கோட்டைக்காரர்கள் ஒருவன் போதும் என்றார்கள், தாண்டவன் என்னை இறக்கிவிட்டுத் தனக்கு மட்டும் பேர் வரட்டும் என்று போய்விட்டான் என்றேன். அந்தக் காற்றும் அடுத்த காற்றும் வந்து போயின, அவன் வரவில்லை. அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஊர் தானாகவே மீதியைச் சொல்லிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. பதினாறு வருஷம் செங்கமலம் ஓடிப்போனவன் மகளாக வளர்ந்தாள். உன் அம்மா கப்பல் வரும் காலமெல்லாம் கரைக்குப் போய் நின்று திரும்புவாள். உடம்பு முடியாமல் கிடந்த கடைசி நாளில், “என் தம்பி இன்னா சொல்லிட்டுப் போனான்?” என்று கேட்டாள். உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செங்கமலத்தைத்தான் நீ கட்ட வேண்டும் என்று அவள் உன்னிடம் சத்தியம் வாங்கியபோது நான் அந்த அறையிலேயே நின்றிருந்தேன். இன்னொன்றும் நீ அறிய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் நான் கடற்கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. புதுக் கப்பல் வந்தால் இன்றும் என் காது முன்னால் ஓடும். காதுக்கு வெட்கம் கிடையாது மகனே.

போன வாரம் ஒரு மரக்காயர், சீட்டித்துணி வியாபாரம் செய்பவர், பத்தாவியாவிலிருந்து திரும்பினார். ஏரிக்கரையில் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். “அங்க ஒரு தொர வூட்ல வெங்கலக் கச்சேரி நடந்துச்சு. நடுவுல நம்ம தவுல் சத்தம். வாசிச்சவன் சாவகத்தான். யாரு கத்துக் குடுத்தான்னு கேட்டேன். பழவேற்காட்டு ஆளு, தாண்டவன்னு பேரு, அந்த வூட்டு அடிமைன்னான். காய்ச்சல்ல மவுத்தாயி ஆறேழு வருசமாச்சாம்.” இதைக் கேட்டதும் என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வியை எழுதுகிறேன், நீ என்னை முழுசாகத் தெரிந்துகொள்: “வெண்கலத்தோட தவில் எப்டி ஒட்டிச்சு?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகுதான் தாண்டவன் செத்துவிட்டான் என்பது எனக்கு உறைத்தது. போகும்போது, “மவன் கல்யாணம் முடியட்டும். அப்புறமா சொல்லிக்கலாம். நா யார் கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்” என்று நல்ல மனதோடு சொன்னார்.

மூன்று நாள் அந்த யோசனையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நடக்கட்டும், பிறகு சாவுச் செய்தியை மட்டும் சொல்லலாம், கப்பலில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். பதினாறு வருஷம் சொல்லாதது இன்னும் கொஞ்ச காலம் சொல்லாமல் இருந்தால் என்ன? ஆனால் பசியாவரத்தில் உன் அத்தை, தாண்டவன் பெண்டாட்டி, இன்னும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, செத்துப் போன ஒருவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு என்னை உட்கார விடவில்லை. நேற்று முன்தினம் மதியம் படகு பிடித்துப் போனேன். அத்தை மீன் அரிந்துகொண்டிருந்தாள். செங்கமலம் கல்யாணத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். கிராதி, பை, படகு, தவில் சத்தம், நான் சொன்ன பொய், மரக்காயர் சொன்ன செய்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை அரிவாள்மணையிலிருந்து எழவில்லை. “பதினாறு வருசமா அந்த மனுசனத் திட்டிக்கினேதான் ஒரு ஒரு கவளமும் துண்ணேன். அதெல்லாம் எப்டி நா திருப்பி எடுப்பேன், நீயே சொல்லு” என்றாள். அதட்டவில்லை, அழவில்லை, உண்மையாகவே பதில் கேட்டாள். அவள் மீன் கையோடு எழுந்து உள்ளே போனாள். பொட்டை அழித்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

செங்கமலம் முறத்தைக் கீழே வைத்தாள். “மாமா, அவரு கூப்ட்டாருன்னு சொன்னீங்களே, அந்த அடி எப்டி? சொல்லுங்க” என்றாள். தொடையில் தட்டிச் சொன்னேன், தகிட தகதிமி. மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை அவளே சொன்னாள், நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தினாள். அப்பனிடமிருந்து அவளுக்கு வந்தது அவ்வளவுதான், அதையும் நான் பதினாறு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் பேசினாள். “அப்பாவுக்குச் செய்ய வேண்டியத மொதல்ல செய்யணும். ஊர் பஞ்சாயத்துல நின்னு, அவரு ஓடிப்போவலன்னு நீங்க சொல்லணும். கல்யாணம் தையில வச்சிக்கலாம். அத்தை மவன் மேல எனக்கு இன்னா கோவம்? ஆனா அவரு தெரிஞ்சிதான் வரணும். நீங்களே எழுதுங்க.” நான் தலையாட்டிவிட்டு எழுந்தேன். படகு வரைக்கும் வந்தாள். “இன்னொண்ணு மாமா. கல்யாணத்துக்கு வாங்க. குந்துங்க, சாப்புடுங்க. ஆனா நீங்க வாசிக்கக் கூடாது.”

நேற்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை. ஒருவர் துப்பிவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார்கள். வருகிற அமாவாசையன்று முகத்துவாரத்தில் தாண்டவனுக்குக் காரியம். முடிந்தால் வந்துவிடு. காட்டுப்பள்ளி வழியாக உப்புப் படகு வரும், அதில் ஏறினால் நேரத்துக்கு வந்து சேரலாம். முறைப்படி நீதான் உன் மாமனுக்கு மகன் இடத்தில் நிற்க வேண்டியவன்.

உனக்கு நான் புத்தி சொல்ல என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன். எக்காளம் கேட்க மதிலோரம் போகாதே என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ போவாய். போ. கேள். அந்தச் சுரம் எந்த ஊர்ச் சுரமாக இருந்தாலும் வாசித்துப் பார். ஆனால் அதை ஊதுகிறவனுக்கு ஊர் எது, அவன் எப்படி அங்கே வந்தான் என்பதையும் கேள். உன் பசிக்காக இன்னொருவனைப் படகில் ஏற்றாதே. ஏற்றிவிட்டால் அவன் பக்கத்திலேயே உட்கார். பயம் வந்தால் வாயைத் திறந்து பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. அன்றைக்கு எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

இதைப் படித்த பிறகு என்ன முடிவு செய்வாயோ எனக்குத் தெரியாது. என் வீட்டில் இறங்காமல் நேரே பசியாவரத்துக்குப் போனாலும் நான் குறைப்பட மாட்டேன். முகூர்த்தத்துக்கு மயிலாப்பூரிலிருந்து நல்ல மேளமாக நீயே பேசி அழைத்து வா. என் பெயரைச் சொன்னால் உடனே வருவார்கள், சொல்லாதே. தவில் நல்ல கையாக இருக்கட்டும், அவள் கேட்பாள். நான் பந்தலில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பேன். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரையும்போல எழுந்து நின்று அட்சதை போடுவேன்.

உன் நைனா